ஆயா விழுந்துட்டாங்க: பெரியவரைக் கேஷுவாலிட்டிக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு

இரவு பத்து மணிக்கு மேல் கேஷுவாலிட்டி வாசலில் ஆட்டோ வந்து நிற்கும். இரண்டு பேர் இறங்கி, உள்ளே இருக்கும் மூன்றாவது ஆளை அக்குளில் கைகொடுத்து இழுப்பார்கள். நைந்த நூல் புடவை, ஒரு காலில் மட்டும் செருப்பு. "ஒண்ணும் இல்ல சிஸ்டர், ஆயா பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாங்க. ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க, காலைல வேலைக்குப் போவணும்."

வேலூர்ப் பக்கத்து மருத்துவமனைகளில் 25 வருடத்துக்கு மேல் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த 'ஒண்ணும் இல்ல'வைக் கேட்டால் இப்போதும் எனக்கு வயிறு கலங்கும். பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்ட இருபது வயதுப் பையன் வந்தால் எல்லோரும் ஓடுவார்கள். நின்ற இடத்தில் விழுந்த ஆயாவை (எங்கள் பக்கத்தில் பாட்டியை அப்படித்தான் சொல்வோம்) ஓரமாக பெஞ்சில் உட்கார வைப்பார்கள். ஆனால் அந்தப் பையனைவிட ஆயாவின் நிலைமை மோசமாக இருப்பது அபூர்வம் இல்லை. வயதானவர்கள் அடிபடுவதற்கு உலகம் முழுக்கவே முதல் காரணம் லாரியோ மாடிப்படியோ அல்ல. நடந்துகொண்டிருந்த தரையிலேயே விழுவதுதான்.

முதல்முறையாக ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வைத்தியம் டாக்டர் பார்த்துக்கொள்வார். உங்கள் வேலை வேறு. என்ன நடந்தது, அதற்கு முன் எப்படி இருந்தார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற கதையைச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எந்த ஸ்கேனிலும் அது தெரியாது.

தூக்கும் முன் இரண்டு நிமிடம்

விழுந்தவரைக் கண்டதும் எல்லோருக்கும் கை பரபரக்கும், தூக்கி உட்கார வைத்துவிட வேண்டும் என்று. பொறுங்கள். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். பேர் என்ன, இது எந்த இடம், என்ன கிழமை என்று கேளுங்கள். பதில் குழறினால், வாய் ஒரு பக்கம் கோணினால், இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒரு கை மட்டும் கீழே சரிந்தால், அவர் விழுந்ததால் இப்படி ஆகவில்லை, பக்கவாதம் வந்ததால் விழுந்திருக்கலாம். உடனே 108. பேச்சு மூச்சு இல்லை, வாந்தி வருகிறது, மூச்சு இரைக்கிறது என்றாலும் யோசனையே வேண்டாம், 108தான்.

சுகர்காரர் என்றால், வீட்டில் சுகர் பார்க்கும் மெஷின் இருந்தால், ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். 70-க்குக் கீழே இருந்து, ஆள் தெளிவாக விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். ஆடிக் கிருத்திகைக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருந்து, சுகர் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு, காவடி பார்க்க நின்ற இடத்தில் சாய்ந்த அம்மாக்களை ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன். வந்ததும் எல்லோரும் மண்டைக் காயத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுகர் 42 இருக்கும்.

அப்புறம் காலைப் பாருங்கள். இரண்டு காலையும் நீட்டியபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்று கொஞ்சம் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறதா? அப்படியென்றால் இடுப்புக்கிட்ட தொடை எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். திரும்பவில்லை என்பதால் முறியவில்லை என்றும் அர்த்தம் இல்லை. முறிந்த துண்டு ஒன்றுக்குள் ஒன்று குத்தி நின்றுவிட்டால் சிலர் இரண்டு நாள் நொண்டிக்கொண்டே நடப்பார்கள்.

செய்யக்கூடாதது நிறைய இருக்கிறது, நான் நேரில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். எண்ணெய் போட்டு நீவி விடுவது. காலை 'வெடுக்'கென்று இழுத்து 'சுளுக்கு எடுப்பது'. வலிக்கு டைக்ளோபினாக் மாத்திரை இரண்டைக் கொடுப்பது (வயதானவர் சிறுநீரகத்துக்கு அது ஆகாது, அவசியம் என்றால் பாராசிட்டமால் போதும்). டீ, காபி, இட்லி. ஆபரேஷன் தேவைப்பட்டால் காலி வயிறு வேண்டும், அதனால் டாக்டர் பார்க்கும்வரை வாயில் எதுவும் வேண்டாம், மேலே சொன்ன லோ சுகருக்கான சர்க்கரைத் தண்ணீரும் அவசியமான பாராசிட்டமாலும் தவிர.

நம் பக்கத்தில் கட்டாயம் பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: புத்தூர் கட்டு. திருத்தணி வழியாக ஆந்திரா புத்தூருக்குப் போய் எலும்புக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வருவது வட ஆற்காட்டில் தாத்தா காலத்துப் பழக்கம். உள்ளூரிலேயே அதே பேரில் போர்டு மாட்டி இருக்கிறவர்களும் உண்டு. கை விரலுக்கும் மணிக்கட்டுக்கும் போட்டுக்கொண்டு குணமானவர்களைப் பற்றி நான் வாதாட வரவில்லை. ஆனால் 70 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தவருக்குக் கட்டு வேலைக்கு ஆகாது. எந்தக் கட்டாலும் அந்த இடத்தை அசையாமல் பிடிக்க முடியாது. அதைவிட, கட்டோடு ஆறு வாரம் படுக்கையில் கிடத்துவதுதான் ஆளைக் கொல்கிறது. படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். மூன்றாவது வாரத்தில் முதுகில் புண்ணோடு கொண்டுவருவார்கள். முதல் நாளே வந்திருந்தால் இந்நேரம் வாக்கரில் நடந்துகொண்டிருப்பார்.

தூக்கும் முறை எளிது. 108 வந்தால் அவர்களிடமே விட்டுவிடுங்கள், ஸ்ட்ரெச்சர் இருக்கும். வராத இடம், மலைப்பாதை என்றால், கனமான போர்வையை ஓரமாக உருட்டி அடியில் நுழைத்து, நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்குங்கள். தலையில் அடி என்றாலோ கழுத்து வலி என்றாலோ இரண்டு துண்டைச் சுருட்டிக் காதுக்கு இரண்டு பக்கமும் அணைத்து வையுங்கள். தயவுசெய்து இடுப்பு உடைந்தவரை பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிவராதீர்கள். ஒருமுறை காட்பாடிப் பக்கத்திலிருந்து அப்படித்தான் ஒரு பெரியவர் வந்தார், பின்னால் பேரன் பிடித்துக்கொண்டு. வழியில் எத்தனை ஸ்பீடு பிரேக்கர் என்று அவரே எண்ணிச் சொன்னார்.

எந்த ஆஸ்பத்திரி

மாவட்டம் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தாலும், வாணியம்பாடிக்காரருக்கும் ஆற்காட்டுக்காரருக்கும் பெரிய வியாதி என்றால் இன்னும் 'வேலூருக்கு இட்டுனு போ'தான். அதில் தப்பில்லை. ஆனால் மூச்சு வாங்குகிறது, ரத்தம் நிற்கவில்லை, நினைவு இல்லை என்றால் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே முதலில் நிறுத்துங்கள். குடியாத்தம் அரசு மருத்துவமனை, வாலாஜா, திருப்பத்தூர் தலைமை மருத்துவமனைகள் எதுவாக இருந்தாலும் சரி. மூச்சையும் பிரஷரையும் நிலைப்படுத்திவிட்டு அவர்களே ஆம்புலன்ஸில் அனுப்புவார்கள்.

வேலூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்குள் இல்லை, திருவண்ணாமலை ரோட்டில் அடுக்கம்பாறையில் இருக்கிறது. சி.எம்.சி.யின் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) விபத்து சிகிச்சை மையமும் தோட்டப்பாளையத்துப் பழைய வளாகத்தில் இல்லை, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரம் ராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கிறது. இதைத் தெரியாமல் பழைய நினைப்பில் ஊருக்குள் நுழைந்து, டிராபிக்கில் மாட்டி, மறுபடி வண்டியைத் திருப்புகிறவர்கள் உண்டு. கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையில் என்ன, வாயில் என்ன

ஆதார், ரேஷன் கார்டு, முதல்வர் காப்பீட்டு அட்டை, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு. இது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் மறப்பது மாத்திரை. தினமும் போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள். 'வெள்ளைக் கலர்ல சின்னதா ஒண்ணு' என்று சொன்னால் டாக்டர் என்ன செய்வார்? அதிலும் எகோஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அசிட்ரோம், வார்பரின், அபிக்சபான் என்று ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை ஏதாவது இருந்தால், உள்ளே நுழைந்ததும் கேட்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இதய வால்வு மாற்றியவர், ஸ்டென்ட் வைத்தவர் வீட்டில் இது பெரும்பாலும் இருக்கும்.

கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் எடுத்து வையுங்கள். ஏன் என்பது இரண்டாம் நாள் இரவு புரியும், கீழே சொல்கிறேன்.

இப்போது கதை. டாக்டர் கேட்பார், அதற்கு முன் நீங்களே மனதில் ஓட்டிப் பாருங்கள். எத்தனை மணிக்கு விழுந்தார்? யாராவது பார்த்தார்களா, அல்லது விழுந்து கிடந்ததைத்தான் பார்த்தீர்களா? எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார்? இரவு இரண்டு மணிக்கு விழுந்து காலை ஆறு மணிக்குக் கண்டுபிடித்தால், அந்த நான்கு மணி நேரம் சதை நசுங்கி, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். டாக்டருக்கு அந்த எண் எலும்பு முறிவு அளவுக்கு முக்கியம். தலை எதிலாவது மோதியதா? விழுவதற்கு முன் நெஞ்சு படபடத்ததா, கண் இருட்டியதா, எழுந்து நின்றதும் தலை சுற்றியதா? கால் தடுக்கி விழுந்தவருக்கு எலும்பைப் பார்த்தால் போதும். கண் இருட்டி விழுந்தவருக்கு இதயத்தையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, போன வாரம் எப்படி இருந்தார் என்பது. தனியாகக் கடைக்குப் போய் வருவாரா, வாக்கரில் நடப்பாரா, பிள்ளைகள் பேர் நினைவிருக்குமா? "வயசாயிடுச்சு சிஸ்டர், அப்பிடித்தான்" என்று சொல்லாதீர்கள். நேற்றுவரை பேப்பர் படித்தவர் இன்று மகளைத் தெரியாமல் முழித்தால் அது வயது இல்லை.

ரோட்டில் நடந்ததை வீட்டில் நடந்ததாகச் சொல்லாதீர்கள். இது நம் ஊரில் பெரிய வியாதி. பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்த அம்மா, ஸ்பீடு பிரேக்கரில் பின்பக்கம் சாய்ந்து விழுந்திருப்பார். அல்லது முந்தானை சக்கரத்தில் சுற்றியிருக்கும். ஓட்டிய மகனுக்கு லைசென்ஸ் இல்லை, போலீஸ் கேஸ் ஆகுமென்று பயந்து, "திண்ணைல இருந்து வுழுந்துட்டாங்க" என்பார்கள். திண்ணை உயரம் என்று நினைத்து டாக்டர் ஒன்றைத் தேடுவார். ஓடும் வண்டியிலிருந்து பின்மண்டை அடிபட விழுந்தால் தேட வேண்டியது வேறு. பணத்திலும் நஷ்டம் உங்களுக்குத்தான். தமிழ்நாட்டுக்குள் நடந்த சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே வரம்புக்குள் செலவை ஏற்கிறது. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேட்டுச் சீட்டு) போடுவார்கள், அதன் காப்பியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இன்சூரன்ஸுக்கு அதுவும் ஒரு ஆதாரம். வழியில் யாரோ அடிபட்டுக் கிடந்ததைப் பார்த்து அழைத்துவந்தவர் நீங்கள் என்றால் பேர் விலாசம் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, சட்டம் உங்கள் பக்கம்.

தை மாசி மாதங்களில் எருது விடும் விழாவில் அடிபட்டு வருகிறவர்களில் மாடு பிடிக்கப் போனவர்கள் மட்டும் இல்லை, தெருவோரம் கட்டில் போட்டு வேடிக்கை பார்த்த தாத்தாக்களும் உண்டு. அப்போதும் மாட்டை மறைத்து 'தடுக்கி விழுந்தார்' என்பார்கள். கொம்புக் குத்து வெளியே ஒரு ரூபாய்க் காசு அளவு இருக்கும், உள்ளே குடல் வரை போயிருக்கும். மாடு என்றால் மாடு என்று சொல்லுங்கள்.

யாராவது தள்ளிவிட்டார்கள் என்றால் அதையும். வீட்டார் எதிரில் சொல்ல மாட்டார்கள். நாங்கள் டிரெஸ் மாற்றும் சாக்கில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்போம். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது.

உள்ளே போனதும்

வந்த வரிசையில் பார்க்க மாட்டார்கள். அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். தனியாரில் பிரையாரிட்டி ஒன்று, இரண்டு, மூன்று. பச்சையில் போட்டால் நேரம் ஆகும், அதற்குச் சண்டை போட வேண்டாம். ஆனால் நிலைமை மாறினால் (முன்பைவிடத் தூங்கி வழிகிறார், வியர்க்கிறார், வாந்தி எடுக்கிறார்) உடனே போய்ச் சொல்லுங்கள். ஐந்து தடவை போய்ச் சொன்னாலும் கூச்சப்படாதீர்கள். எங்களுக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

வயதானவர் விஷயத்தில் எண்கள் ஏமாற்றும். ரத்தம் உள்ளே கசிந்தால் நாடி வேகமாக ஓட வேண்டும். மெட்டோப்ரோலால், அட்டெனலால் மாதிரி மாத்திரை போடுகிறவருக்கு ஓடாது, 70-லேயே நிற்கும். இளைஞருக்கு 105 பிரஷர் நார்மல். எப்போதும் 160-ல் இருக்கும் தாத்தாவுக்கு 105 என்றால் ஆபத்து. 65-க்கு மேல் மேல்பிரஷர் 110-க்குக் கீழே போனால் எச்சரிக்கை என்றுதான் விபத்துச் சிகிச்சையில் எடுத்துக்கொள்வார்கள். அதனால் 'வீட்டுல எப்பவும் பிரஷர் 160 இருக்கும்' என்ற ஒரு வரியை மறக்காமல் சொல்லுங்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்து அக்கா வீட்டுக்கு வந்து எழுதிவிட்டுப் போன அட்டை இருந்தால் அதையே கொடுங்கள்.

அடி ஒளிந்துகொள்ளும் இடங்கள்

கை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு. பக்கவாட்டில் விழுந்தால் இடுப்பு, தோள்பட்டை. பிட்டம் பட 'தொப்'பென்று உட்கார்ந்தால் முதுகெலும்பு நசுங்கும். இதை வாயுப் பிடிப்பு என்று மாதக்கணக்கில் தைலம் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். முகம் குப்புற விழுந்து தாடையிலோ நெற்றியிலோ அடி என்றால் கழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த கழுத்தெலும்பு பின்னுக்கு மடங்கும்போது தண்டுவடம் நசுங்கி, கால் ஓரளவு நன்றாக இருந்தும் கை பலமிழந்து போகும்.

விலா எலும்பு இரண்டு மூன்று உடைந்தால் இளைஞர் மாத்திரையோடு வீட்டுக்குப் போவார். பெரியவரை அட்மிட் செய்ய வேண்டும். வலிக்குப் பயந்து மூச்சை இழுக்க மாட்டார், இரும மாட்டார், சளி கட்டி நிமோனியா ஆகும். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுப்பார்கள். எல்லோரும் 'பந்து ஊதுற மெஷின்' என்பார்கள், பெரியவரும் பேருக்கேற்றபடி பலமாக ஊதுவார், பந்து அசையாது. அது ஊதுவதற்கு இல்லை, ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது மாதிரி உள்ளே இழுக்க வேண்டும். மணிக்குப் பத்துத் தடவை இழுக்க வைப்பது உங்கள் பொறுப்பு.

தலையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

என் நைனா (அப்பா) ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். 78 வயதில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தடுமாறிக் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டார். லேசான வீக்கம். அன்று நன்றாகச் சாப்பிட்டார், டிவி பார்த்தார். நானும் பார்த்தேன், கண் பாப்பா சரி, பேச்சு சரி. ஐஸ் வைத்துவிட்டு விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து, வாசலில் இடது கால் செருப்பு மட்டும் தனியாகக் கிடக்கும். அவர் உள்ளே நடந்து போயிருப்பார், கழன்றதே தெரியாமல். சட்டைப் பட்டனை ஒன்று மாற்றிப் போடுவார். மத்தியானமெல்லாம் தூக்கம். அம்மா, "வயசாயிடுச்சுடி" என்றார். கேஷுவாலிட்டி நர்ஸ் நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். தட்டில் சோற்றை ஒரு பக்கம் மட்டும் சாப்பிட்டு எழுந்த அன்றுதான் எனக்குப் பொறி தட்டியது. சி.டி. ஸ்கேனில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் பிறை நிலா மாதிரி தேங்கி இருந்தது.

வயதாக ஆக மூளை சுருங்கும். மண்டையோட்டுக்கும் அதற்கும் இடைவெளி கூடும், நடுவில் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். சின்ன அதிர்ச்சியில் அறுந்து, சொட்டுச் சொட்டாகக் கசியும். இடம் நிறைய இருப்பதால் உடனே ஒன்றும் தெரியாது, இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் கழித்துக்கூட வெளிப்படும். நல்ல விஷயம், கண்டுபிடித்தால் மண்டையில் சின்னத் துளை போட்டு வடித்துவிடுவார்கள். நைனா நாலாம் நாள் பேப்பர் கேட்டார். எட்டு வருடம் இருந்தார்.

அதனால் 65-க்கு மேல் தலையில் அடிபட்டு, ஒரு கணமாவது நினைவு தப்பியிருந்தாலோ நடந்தது மறந்திருந்தாலோ ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை போடுகிறவர் என்றாலோ, 'ஸ்கேன் எதுக்கு, காசு புடுங்கவா' என்று கேட்காதீர்கள். ஸ்கேன் நார்மல் என்று அனுப்பினாலும் காலண்டரில் அன்றைய தேதியை வட்டமிட்டு, ஆறு வாரம் தள்ளி இன்னொரு வட்டம் போடுங்கள். அதற்குள் புதிதாகத் தலைவலி, தள்ளாட்டம், தூக்கம், ஒரு பக்கம் பலவீனம் என்றால் மறுபடி போங்கள்.

இடுப்பு எலும்பு

இதுதான் அதிகம் வருவது, அதிகம் தப்பாகப் போவதும் இதுதான். முதல் சிக்கல், சில முறிவுகள் முதல் எக்ஸ்ரேயில் தெரியாது. 'எக்ஸ்ரே நார்மல்' என்று சொன்னபின்னும் காலை ஊன்றவே முடியவில்லை என்றால், "டாக்டர், இன்னும் நிக்க முடியல, ஸ்கேன் எடுத்துப் பாக்கலாமா?" என்று பணிவாகக் கேளுங்கள்.

இரண்டாவது சிக்கல் நம் பக்கம். ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வராண்டாவில் பஞ்சாயத்து கூடும். பெரிய மகன் பெங்களூரில், அவன் வராமல் கையெழுத்துப் போட மாட்டார்கள். 'இந்த வயசுல கத்தி வைக்கணுமா', 'அமாவாசை போகட்டும்', 'தாங்குவாங்களா'. தாங்குவார்களா என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஆபரேஷன் வேண்டாம் என்பதும் ஒரு வைத்தியம்தான், அதைத் தாங்குவார்களா என்று யாரும் கேட்பதில்லை. இடுப்பு முறிந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் இறப்பவர்கள் 20 முதல் 30 சதவீதம் என்று பல நாட்டுக் கணக்குகளும் சொல்கின்றன. எலும்பு முறிந்து யாரும் சாவதில்லை, படுத்துக் கிடந்துதான். 36 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடந்தால் பலன் நல்லது, மறுநாளே நிற்க வைப்பார்கள். சுகர், இதயம், ரத்த மாத்திரை இவற்றைச் சரிசெய்ய டாக்டரே தள்ளிப்போட்டால் அது வேறு. மாமா வரவில்லை என்று தள்ளிப்போடாதீர்கள், அவரை வீடியோ காலில் டாக்டரிடம் பேச வையுங்கள். ஏற்கனவே படுக்கையில் இருப்பவர், கடைசிக் கட்ட வியாதி உள்ளவர் என்றால் கணக்கு மாறும். அப்போதும் வலிக்கு என்ன வழி என்று கேட்டுத் தீர்மானியுங்கள்.

ஆபரேஷன் வரை வலியில் வைத்திருக்க வேண்டியதில்லை. தொடை மடிப்பில் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி இருக்கிறது, கேட்டால் தப்பில்லை.

இரண்டாம் நாள் இரவு

சாயங்காலம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் இரவு பதினோரு மணிக்கு டிரிப்ஸைப் பிடுங்குவார். செத்துப்போன தம்பியைக் கூப்பிடுவார். "என்னைக் கடத்திக்கினு வந்துட்டானுங்க" என்று கத்துவார். வீட்டார் நடுங்கிப்போவார்கள், பைத்தியம் பிடித்துவிட்டதென்று மந்திரித்த கயிறு வரும். இதற்கு டெலிரியம் என்று பேர். அடி, வலி, புது இடம், தூக்கமின்மை, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, சில மாத்திரைகள் எல்லாம் சேர்ந்து மூளையைக் குழப்புகின்றன. காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கண்ணாடியும் காது மெஷினும் இதற்குத்தான். எதிரில் இருப்பவர் முகமும் தெரியாமல் குரலும் கேட்காமல் இருட்டு வார்டில் படுத்திருந்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது? இரவில் பழகிய ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், தினம் ஒரு சொந்தக்காரர் என்று மாற்ற வேண்டாம். 'இது ஆஸ்பத்திரி, இன்னிக்கு வியாழக்கிழமை, நான் உன் பொண்ணு' என்று மறுபடி மறுபடி சொல்லுங்கள். எதிர்த்து வாதாட வேண்டாம். பகலில் ஜன்னல் வெளிச்சம் பட உட்கார வையுங்கள். கையைக் கட்டிப்போடச் சொல்லாதீர்கள், பயம் இரட்டிப்பாகும். யூரின் டியூபை எப்போது எடுப்பீர்கள் என்று தினமும் கேளுங்கள், அதை இழுத்துக்கொண்டு இறங்கப் போய்த்தான் பலர் இரண்டாவது முறை விழுகிறார்கள்.

வீட்டுக்குப் போகும்போது

டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கியதும் ஓடிவிடாதீர்கள். எவ்வளவு எடை ஊன்றலாம், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை மறுபடி எந்தத் தேதியில் தொடங்க வேண்டும், எலும்பு அடர்த்திக்கு மருந்து உண்டா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, அடுத்த வருடம் மறு பக்கத்து இடுப்போடு வருவார்கள். இரவில் போடும் தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை அளவு இரண்டையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் பிரஷர் விழுகிறவருக்கு டாக்டர் மாத்திரையைக் குறைத்தாலே விழுவது குறையலாம்.

வீட்டில் பெரிய செலவு வேண்டியதில்லை. கக்கூஸ் வெளியே இருந்தால் இரவுக்குக் கட்டில் பக்கத்தில் கமோடு நாற்காலி. படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ஒரு சின்ன இரவு பல்பு. பாய் வேண்டாம், கட்டில். தரையிலிருந்து எழுவதில்தான் தலை சுற்றும். தேய்ந்த ஹவாய் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். மார்கழி முழுக்க வாசல் தெளிப்பதையும் கோலத்தையும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வாக்கர் வாங்கினால் கடையிலேயே நிற்க வைத்து உயரம் பாருங்கள். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்குப் பிடி வர வேண்டும். அடியில் இருக்கும் நாலு ரப்பர் புஷ்ஷையும் மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வழவழவென்று தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். முப்பது நாற்பது ரூபாய்ச் சாமான் அது, சைக்கிள் கடையில்கூடக் கிடைக்கும்.